மூன்றாவது நிமிஷத்தில் எடுத்த படம்

பாப்பா,

ராயபுரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மீஞ்சூரில் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். அப்படியிருந்தும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வேன், உன் குழம்பில் உப்பு கம்மி என்பேன், உன் மாமியார் போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதை அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நீ படித்த பிறகு சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

முந்தாநாள் போனில் நீ சொன்னாய். ஈரல் ஸ்கேன்களை மட்டும் பார்க்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் தேடுகிறார்கள், உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று. "வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேம்மா. ஈரல் எனக்கு ஒத்து வராது. ஒரு தடவை பட்டது போதும்" என்றாய். நான் "சரிடி, உனக்கு எது தோணுதோ அதைச் செய்" என்றேன். நல்ல அம்மா சொல்லக்கூடிய பதில்தான் அது. ஆனால் போனை வைத்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை பாப்பா, சந்தோஷம். அப்பாடா, அவள் போகவில்லை என்று ஒரு சந்தோஷம். அடுப்படியில் போய் நின்று அந்தச் சந்தோஷத்தை நானே பார்த்துப் பயந்துபோனேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. செல்லமாகச் சொல்லிச் சிரிக்கிற பொறாமை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டினால் வருகிறதே, அந்த வயிற்றெரிச்சல்தான். அதைப் பெற்ற மகள் மேலேயே வைத்துக்கொண்டு நான் வாழ்ந்திருக்கிறேன். உனக்குப் பத்து வயது இருக்கும். தண்டையார்பேட்டை நர்சிங் ஹோமில் நான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடம் விட்டு அங்கே வந்து உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் ஈரம் காயத் தொங்கவிட்டிருந்த படத்தைப் பார்த்து, "அம்மா, இந்த எலும்புல ஒரு கோடு ஓடுது பாரு" என்றாய். நான் பார்த்தேன். இருந்தது. மணிக்கட்டில் மயிரிழை மாதிரி ஒரு முறிவு. நான் பார்க்காததை, ஏன், அந்த டாக்டரே பார்க்காததை நீ பார்த்துவிட்டாய். உன்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்திருக்க வேண்டும். "படத்து மேல கை வைக்காதன்னு எத்தனை தடவை சொல்றது" என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ படத்தைத் தொடவே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புக்குப் போனவள் நான். டாக்டர் ஆக வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. இருபத்தைந்து வருஷம் படம் எடுத்தேன். புது டாக்டர்கள் என்னிடம் வந்து, "சிஸ்டர், இது என்னவா இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டு போவார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதிக் கீழே அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். என் கண் வேண்டும், என் கையெழுத்து வேண்டாம். உன் அப்பாவோ, ஹார்பரில் கிரேன்மேல் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க என்னைப் பற்றி யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரில வேலை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்று அதே மனுஷன் ராயபுரம் முழுக்க லட்டு கொடுத்தார். நான்தான் லட்டு பிடித்தேன். ஒவ்வொரு உருண்டையாகப் பிடிக்கும்போது என் மனசில் என்ன ஓடியது என்று நீ கேட்காமல் இருப்பது நல்லது.

நீ ஸ்கேன் டாக்டராகப் படித்து முடித்து, எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். என்னோடு இருக்க வேண்டும் என்று நான் வேலை செய்த ஸ்கேன் சென்டருக்கே வந்தாய். சுனாமிக்கு முந்தின வருஷம். பெரிய டாக்டர் உன்னை அறிமுகப்படுத்திவிட்டு, "வேலை நேரத்துல அம்மா, பொண்ணுன்னு கூப்பிட்டுக்கக் கூடாது" என்று ஒரு சட்டம் போட்டார். அதனால் நான் உன்னை மேடம் என்று கூப்பிட்டேன், நீ என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டாய். மாதா கோயிலில் நம்மைத் தெரிந்தவர்கள் ஸ்கேனுக்கு வந்தால் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து உனக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து "மேடம், அடுத்த பேஷண்ட் ரெடி" என்று சொல்வதற்கு ஒரு பெரிய மனசு வேண்டும். அது எனக்கு இல்லை.

அப்படி ஒரு மத்தியானம்தான் நீ ஈரலைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ரத்தக்குழாய்க் கட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஓரத்திலிருந்து உள்ளே மெல்ல வெளுத்துக்கொண்டு வரும், ஆளை ஒன்றும் செய்யாது. நீ சொன்னது வேறு. சின்ன வயசுக்காரர்களுக்கு, மஞ்சள் காமாலைக் கிருமி இல்லாத நல்ல ஈரலில், நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு தழும்போடு ஒரு கட்டி வரும் என்றாய். அதில் இரண்டு ஜாதி. ஒன்று சாது, அறுக்கவே வேண்டாம். இன்னொன்று அபூர்வமான புற்று, பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மருந்து ஏற்றிய அரை நிமிஷத்தில் ஒரு சுற்று எடுக்கிறோம், ஒரு நிமிஷம் சொச்சத்தில் இன்னொரு சுற்று. இந்த இரண்டிலும் தழும்பு கருப்பாகத்தான் தெரியும். பிறகு பொறுத்திருக்க வேண்டும். சாதுக் கட்டியின் தழும்புக்குள் மருந்து மெதுவாக ஊறும், பத்து நிமிஷம் போனால் அது வெளுத்திருக்கும். புற்றில் பெரும்பாலும் அப்படியே கருப்பாக நிற்கும், உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள்கூட இருக்கலாம். இதை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் இது பெரிய சாட்சி என்றாய். ஒரு விரலால் டிபன் பாக்ஸ் மூடியில் நட்சத்திரம் வரைந்து காட்டினாய். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே, இருபத்தைந்து வருஷத்தில் இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே, இவள் மூன்று வருஷத்தில் தெரிந்துகொண்டு வந்து எனக்கு வகுப்பு எடுக்கிறாளே என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே ரெஜினா வந்தாள். திருவொற்றியூர் குப்பத்துப் பெண், இருபத்திமூன்று வயது. அவள் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். எண்ணூர்ப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று மூன்றாவது ஞாயிறும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். நடுவில் ஏதோ வயிற்று வலி என்று சாதா ஸ்கேன் பார்த்ததில் ஈரலில் ஒரு கட்டி தெரிந்து, நம்மிடம் பெரிய ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார்கள். நீ கதவருகே நின்று, வெளியே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "சிஸ்டர், கடைசிச் சுற்று பத்து நிமிஷம். அவசரப்பட்டுடாதீங்க. வாட்சைப் பார்த்து எடுங்க" என்றாய். அதில் தப்பே இல்லை. டாக்டர் டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாய். ஆனால் வரிசையில் நம் தெரு ரோஸ்மேரி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது போதுமாக இருந்தது எனக்கு.

நாங்கள் டெக்னீஷியன்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். படத்தில் விழ வேண்டிய எழுத்தை, படம் எடுப்பதற்கு முன்னாலேயே மெஷினில் அடித்து வைத்துவிடுவோம். பிறகு மறந்துபோனால் எந்தச் சுற்று எது என்று குழப்பம் வரும். நான் "பத்து நிமிடம்" என்று அடித்து வைத்தேன். அடித்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் மேஜைமேல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே கூட்டம் நிறைய என்று சொல்லலாம், மெஷின் சூடாகியிருந்தது என்று சொல்லலாம். இரண்டும் பொய். நீ பத்து நிமிஷம் என்று சொன்னதால்தான் நான் மூன்றாவது நிமிஷத்தில் எடுத்தேன். எனக்கா வாட்சைப் பார்க்கச் சொல்கிறாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினேன். எழுத்தை மாற்றவில்லை.

அன்று சாயங்காலம் விளக்குப் பெட்டியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நீ எவ்வளவு நேரம் நின்றாய்! "சுண்ணாம்பு இல்ல. கட்டி நல்லதாத்தான் தெரியுது. ஆனா தழும்பு வெளுக்கவே இல்லையே" என்று உனக்கு நீயே பேசிக்கொண்டாய். உன் கண் சரியாகத்தான் பார்த்தது பாப்பா, அன்றும் சரியாகத்தான் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், கரெக்டா பத்து நிமிஷம் ஆச்சா?" என்றாய். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் நான் நிறுத்தியிருக்கலாம். "ஏன், என்மேல சந்தேகமா மேடம்?" என்று திருப்பிக் கேட்டேன். நீ முகம் சுருங்கிப்போய், "சாரிம்மா" என்றாய். சட்டத்தை மீறி அம்மா என்று கூப்பிட்டாய். போய் உட்கார்ந்து, புற்றாக இருக்க அதிக வாய்ப்பு, உடனே அறுவை டாக்டரைப் பார்க்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. எண்ணூர்க்காரர்கள் ஃபாதரிடம் போய் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஈரலில் கேன்சர் உள்ள பெண்ணை எப்படிக் கட்டுவது என்று அவர்கள் பேசியது கடற்கரை முழுக்கப் பரவியது. அறுப்பதற்கு நாள் குறித்த டாக்டர் நல்லவர், அதற்கு முன்னால் இன்னொரு தடவை படம் எடுக்கச் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டெக்னீஷியன் வாட்சைப் பார்த்துப் பத்து நிமிஷம் காத்திருந்திருக்கிறாள். தழும்பு பளிச்சென்று வெளுத்திருந்தது. எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, சாதுக் கட்டிதான், கத்தியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரெஜினாவின் அம்மா நம் சென்டருக்கு வந்து படக் கவரை உன் மேஜைமேல் வீசினார். "இன்னாம்மா டாக்டரு நீ? இல்லாத சீக்க இருக்குதுன்னு எழுதி என் பொண்ணு வாழ்க்கைய கலீஜ் பண்ணிட்டியே!" என்று அவர் கத்தினதும், பெரிய டாக்டர் எல்லோர் எதிரிலும் உன்னைத் திட்டினதும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பதறியது, பயந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அதற்கெல்லாம் அடியில் ஓர் இடம் குளிர்ந்தது. அவளும் தப்பு பண்ணுவாள், அவள் கையெழுத்தும் பொய்க்கும் என்று குளிர்ந்தது.

தரையில் சிதறின படங்களைப் பொறுக்கினவள் நான்தான். அதில் அந்த ஒரு ஷீட்டை மட்டும் என் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் நீ கவரைப் பிரித்து, "கடைசிச் சுற்று ஃபிலிம் மட்டும் காணோமே. நான் எங்க தப்புப் பண்ணினேன்னு பார்க்கணும்" என்று தேடினாய். "அவங்களே எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றேன். கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றாய். இடம் இல்லாமல் வாராவாரம் பழையதை அழித்துவிடுவோம் என்பது உனக்கும் தெரியும், அந்த வாரம் அழித்ததும் நான்தான். மூன்றே மாதத்தில் நீ அந்த வேலையை விட்டாய். அதன் பிறகு வண்ணாரப்பேட்டை கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஸ்கேன் பார்க்கிறாய். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டால் மனசுக்கு நல்லா இருக்கு என்று எல்லோரிடமும் சொல்கிறாய். பாவசங்கீர்த்தனத்தில் நான் "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொல்லுவேன். என்ன பொய் என்று அவரும் கேட்டதில்லை. அவர் சொல்கிறபடி ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று தடவை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சமைப்பேன்.

உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நாளைக்கு அவள் உன்னைவிடக் கெட்டிக்காரியாக வந்து நிற்பாள், அப்போது உனக்கும் வயிறு எரியலாம். எரிந்தால் உன்னை நீயே பிசாசு என்று நினைத்துக்கொள்ளாதே, மனுஷிக்கு வருவதுதான். அவளிடமே வாய்விட்டுச் சொல்லிவிடு. சொன்னால் இரண்டு பேரும் சிரித்துவிடுவீர்கள். ஆனால் அது எரிகிற நேரத்தில் இன்னொருத்தர் உடம்பு சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் கை வைக்காதே. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வா. நான் அதைக்கூடச் செய்யவில்லை.

நேற்றுக் காலை திருவொற்றியூர் போனேன். ரெஜினா வீட்டுக்கு. அவளுக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருக்கிறது, தாய் வீட்டுக்கு வந்திருந்தாள், இடுப்பில் ஒரு பையன். நான் வாசலிலேயே நின்று, செய்தது நான்தான், என் மகள் இல்லை என்று முழுவதையும் சொன்னேன். அவள் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தார். "இன்னா சிஸ்டர், ஆறு வருசமா இத்த உள்ளாற வச்சிக்கினு எப்டி சோறு துன்ன நீ?" என்றார். ரெஜினாதான், "வுடும்மா" என்று அவரைத் தள்ளிவிட்டு என்னிடம் கேட்டாள். "அப்போ டாக்டரம்மாவுக்கு இது தெரியாதா? அவங்க எங்க வூட்டுக்கு வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்க. வருசா வருசம் போன் பண்ணி, ஸ்கேன் பாத்தியா, கட்டி அதே சைஸ்ல கீதான்னு கேக்கறாங்க. என் கல்யாணத்துக்குக்கூட வந்தாங்களே."

இதெல்லாம் எனக்குத் தெரியாது பாப்பா. நீ செய்யாத தப்புக்கு உடனே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். நான் செய்த தப்புக்கு அந்த வாசலை மிதிக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. அதைக் கேட்டு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டும். பிறகு பஸ்ஸில் அழுதேன்தான். ஆனால் அந்த வாசலில் நின்றபோது முதலில் வந்தது பொறாமை. இதிலும் என்னை முந்திக்கொண்டு போய்விட்டாளே என்று. ரெஜினாவின் அம்மா கடைசிவரை என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்.

இந்தக் கவருக்குள் இரண்டு அட்டைக்கு நடுவே அந்த ஷீட் இருக்கிறது. மேல் இரண்டு வரிசை இரண்டாவது சுற்று, கீழே இருப்பது கடைசிச் சுற்று. தழும்பைப் பார்க்காதே, நான் அடித்த "பத்து நிமிடம்" என்ற எழுத்தையும் பார்க்காதே. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மெஷின் தானாகப் போட்ட நேரம் பொடி எழுத்தில் இருக்கும். மேல் வரிசை நேரத்தைக் கீழ் வரிசை நேரத்திலிருந்து கழித்துப் பார். நடுவே இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அம்மா எழுதியதாயிற்றே என்று அதை நம்பியதைத் தவிர அன்று நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

பார்த்துவிட்டு என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே. உன் பிள்ளையை என்னிடம் காட்டாமல் இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை அவர்களுக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிடு. நீ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய் என்று கேள்விப்பட்டால் எனக்கு வயிறு எரியத்தான் போகிறது, அது இந்த வயதில் மாறாது. எரியட்டும். நீ போ.

அம்மா